நண்பகலில் எடுத்த அளவு: மன்னார் வளைகுடாவில் ஒரு பச்சைக் கடல் நிகழ்வு

பின்னணி

2019 செப்டம்பரில் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் தெற்கே உள்ள கடல் பச்சையாகிப் போனதையும், மீன்கள் செத்துக் கரையொதுங்கியதையும் இராமநாதபுரம் மாவட்டத்தில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் ஒரு சிறிய கடற்கரை ஊரில் நாங்கள் எடுத்த நீர் அளவுகளையும், அவற்றை வைத்து ஊராருக்குச் சொன்ன யோசனைகளையும், அவற்றுள் ஒன்று பிழையாகப் போனதால் ஒரு மகளிர் குழு அடைந்த இழப்பையும் இங்கே நடந்த வரிசையில் பதிவு செய்கிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். என்னோடு வந்தவர் அதே கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர். நாங்கள் இருவரும் கடல் ஆய்வாளர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நேர்ந்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஊரில் ஆண்கள் வள்ளத்தில் போய் நண்டு வலை விடுகிறார்கள். சிலர் சங்கு குளிக்கிறார்கள். பெண்கள் பாசி எடுக்கிறார்கள். எட்டுப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு, வலையில் சிக்கும் சிங்கி இறால்களை விலைக்கு வாங்கிக் கூண்டில் விட்டு, சிப்பிச் சதையும் கழிவு மீனும் போட்டு எடை ஏற்றி விற்றுவந்தது. கரையிலிருந்து சற்றுத் தொலைவில், இரண்டு பாகம் (சுமார் பன்னிரண்டு அடி) ஆழத்தில், தரையில் படுமாறு நான்கு கூண்டுகள் இறக்கப்பட்டிருந்தன. ஊருக்கு மேற்கே ஓர் இறால் பண்ணை உண்டு. அதன் கழிவுநீர் ஓடை வழியாகக் கடலில் கலக்கிறது என்பதும் அதனால் கரையோரம் கெடுகிறது என்பதும் ஊராரின் நெடுநாள் குறை.

கடல் பச்சையாவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கச்சான் காற்று ஓய்ந்து வாடை இன்னும் பிடிக்காத இடைக்காலத்தில், ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ, ‘பூங்கோரை’ வரும் என்று மீனவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் மெல்லிய படலமாக வந்து இரண்டொரு நாளில் கலைந்துவிடும். 2008 அக்டோபரில் அது கனமாக வந்து மீன்கள் செத்தது ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2019-இல் வந்ததும் அப்படிக் கனமானதுதான்.

முதல் நாள்: கண்டவை

விடியற்காலையில் எங்களை அழைத்தவர் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவர். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்பது தாண்டியிருந்தது. கரையோரத்து நீர் வெறும் பச்சையாக இல்லை. அரைத்த கீரையைக் கரைத்துவிட்டதுபோல் கெட்டியாக இருந்தது. அலை எழவே இல்லை. ஒதுங்கிக் கிடந்த மீன்களில் கலவாவும் ஓராவும் கிளிமீனும் இருந்தன, அஞ்சாலைகள் பல இருந்தன, நண்டுகளும் இருந்தன. சாளை போன்ற மேல்நீர் மீன் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இந்த வேறுபாட்டை அன்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆனால் அதன் பொருளை யோசிக்கவில்லை.

முந்தைய இரவு கடல் மினுங்கியதாக வலைக்குப் போனவர்கள் சொன்னார்கள். ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்த காணொளியை எல்லோரும் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். “அங்க வேடிக்கை பாத்தாங்க, இங்க மீனு சாகுது சார்” என்றார் ஓர் இளைஞர். பண்ணை இரவோடு இரவாக ஏதோ மருந்தைத் திறந்துவிட்டது என்ற பேச்சு அதற்குள் ஊர் முழுவதும் பரவியிருந்தது. பிற்பகலில் பண்ணை வாசலில் மறியல் என்றும் முடிவாகியிருந்தது.

நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தால், வெந்த ஜவ்வரிசியைப் பொடியாக்கி மிதக்கவிட்டது போன்ற உருண்டைகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. தாவரவியல் ஆசிரியர் கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் ஐயத்துக்கே இடம் இருக்கவில்லை. தெளிந்த உருண்டை, ஒரு பக்கத்தில் வாலைப்போல் ஒற்றை இழை, உள்ளே அங்குமிங்கும் நீந்தும் பச்சைப் புள்ளிகள். நாக்டிலூக்கா சின்டில்லன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி அது. இதில் இரு வகை உண்டு. குளிர்ந்த கடல்களில் காணப்படும் சிவப்பு வகை பிற நுண்ணுயிர்களை விழுங்கி மட்டுமே வாழும். நம் கடல்களில் வரும் பச்சை வகை விழுங்கவும் செய்யும்; தன் உடலுக்குள் குடிவைத்திருக்கும் ஆயிரக்கணக்கான பச்சைப் பாசிகள் சூரிய ஒளியில் சமைப்பதையும் உண்ணும். அம்மோனியம் நிறைந்த நீர்மத்தால் உடல் லேசாகி மேலே மிதப்பதால் காற்று ஓய்ந்த நாளில் படலமாகத் திரண்டுவிடும். அசைத்தால் ஒளிர்வதும் இதுவே. அலையோ துடுப்போ பட்ட அதிர்ச்சியில் செல்லுக்குள் நுண்ணிய பைகள் அமிலமாகி, அங்குள்ள நொதி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் ஒரு நீல வெட்டொளியை எழுப்பிவிடும்.

முதல் முடிவுகள்

அன்று பகலில் மூன்று முடிவுகள் எடுத்தோம். முதலாவது, ஒதுங்கிய மீனை உண்ணவோ விற்கவோ உலர்த்தவோ வேண்டாம் என்று சொல்வது. நாக்டிலூக்கா மனிதருக்கு நஞ்சு என்று அறியப்பட்டதல்ல. ஆனால் வெதுவெதுப்பான நீரில் எப்போது செத்தது என்று தெரியாத மீன் எதுவாயினும் உண்ணத் தகாதது. அதற்குள் ஒரு வீட்டில் மூன்று கூடை ஓராவைக் கருவாட்டுக்கு உப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மாவை இணங்க வைக்க அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டாவது, மறியலை ஒரு நாள் தள்ளிவைக்கக் கேட்டது. பண்ணையின் ஓடை வாயிலும் நீர் எடுப்போம், குறை சொல்வதானால் கையில் அளவோடு போவோம் என்றோம். ஊர்த் தலைவர் ஒப்புக்கொண்டார். ஓடையின் நீர் கலங்கலாக இருந்ததே தவிர அதில் நாக்டிலூக்கா மிகக் குறைவு. கடலில் பச்சை கிழக்கே தீவுகள் இருக்கும் திசையில்தான் கனத்திருந்தது. ஓடையை நெருங்க நெருங்க மெலிந்தது. குருசடை, சிங்கில் தீவுகளின் பக்கம் நாங்கள் போகவில்லை. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா அது, அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. வனத்துறைக்கும் மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையத்துக்கும் தகவல் மட்டும் சொன்னோம்.

மூன்றாவது முடிவு கூண்டுகளைப் பற்றியது. பிழை அதில்தான் நேர்ந்தது.

பிழையான அளவு

மீன் சாவுக்கு ஆக்சிஜன் குறைவே காரணமாகலாம் என்ற ஐயம் எங்களுக்கு முதலிலேயே இருந்தது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலிருந்து விங்க்ளர் முறைக்கான மருந்துகளையும் 300 மில்லிலிட்டர் புட்டிகளையும் கொண்டுபோயிருந்தோம். 1888-இல் ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் வகுத்த இந்த முறைக்கு மின்சாரம் தேவையில்லை. நீரில் மாங்கனீசு சல்ஃபேட்டையும் கார அயோடைடையும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் அளவுக்குப் பழுப்பு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டு, செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம் பார்த்தால் எண் கிடைக்கும்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கூண்டுகளுக்கு மேலே வள்ளத்திலிருந்து குனிந்து மேல்நீரை எடுத்தோம். லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் வந்தது. மீன் மூச்சுமுட்டிச் சாகும் அளவு அல்ல அது. நாங்கள் படித்திருந்த ஆய்வுச் செய்தி ஒன்றும் அன்று எங்களுக்கு எதிராகவே வேலை செய்தது. அரபிக்கடலில் ஆக்சிஜன் குறைந்த நீர் பரவுவதே நாக்டிலூக்கா பெருகக் காரணம் என்று 2014-இல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. அதை மறுத்து, வடகிழக்கு அரபிக்கடலில் ஆக்சிஜன் போதுமான நீரிலேயே அது பெருகுவதை இந்திய ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். எங்கள் 8 மில்லிகிராமைக் கண்டதும் இரண்டாவது தரப்புக்கு நம் கரையிலும் சான்று கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோம். அந்த விவாதம் எதனால் பெருகுகிறது என்பதைப் பற்றியது. பெருகிய பின் இரண்டு பாகம் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.

மகளிர் குழுத் தலைவி, கூண்டுகளைத் தூக்கிக் கிழக்கே ஆழத்துக்குக் கொண்டுபோகவா, அல்லது இறாலை இப்போதே விற்றுவிடவா என்று கேட்டார். எடை ஏற இன்னும் மூன்று வாரம் இருந்தது. உடனே விற்றால் நஷ்டம். தூக்கினால் வள்ளக் கூலியும் டீசல் செலவும். தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, இப்போதைக்குத் தூக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இரண்டாம் நாள் விடியல்

மறுநாள் அதிகாலை நான்கரைக்குப் பெரியவரின் வள்ளத்தில் மறுபடி போனோம். அந்த நேரத்தைக் குறித்தவர் அவர். “மீனு பகல்ல சாகல தம்பி, ராத்திரியில சாகுது. அதுவும் அடியில கெடக்கிறது முதல்ல சாகுது. நீங்க மத்தியானத்துல மேல்தண்ணிய மோந்துக்கிட்டு நின்னா என்ன தெரியும்?” என்று முந்தைய நாள் மாலையிலேயே கேட்டிருந்தார். அதைக் கேட்டபோதே எனக்கு உறைத்துவிட்டது. ஆனாலும் கூண்டுக்காரர்களிடம் இரவே போய்ச் சொல்லவில்லை, விடிந்து அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். முதல் பிழையை அறியாமை என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

அடிநீரை எடுப்பது அவ்வளவு எளிதல்ல. வெறும் புட்டியைக் கல் கட்டி இறக்கினால், நீர் உள்ளே புகும்போது புட்டியில் இருக்கும் காற்றோடு குமிழியிட்டு ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு ரப்பர் குழாயின் முனையில் ஈயக்குண்டைக் கட்டித் தரைக்கு ஒரு முழம் மேலே நிற்குமாறு இறக்கி, கைப்பம்பால் இழுத்து, புட்டி மும்முறை நிரம்பி வழிந்தபின் மூடினோம். துடுப்புப் படும் இடமெல்லாம் நீலமாகச் சிதறியது. கைவிளக்கின் வெளிச்சத்தில் இரண்டு புட்டிகளிலும் மருந்தை விட்டுக் குலுக்கி அருகருகே வைத்தோம். மேல்நீர்ப் புட்டியில் பழுப்பு இறங்கியது. அடிநீர்ப் புட்டியில் இறங்கியது கிட்டத்தட்டப் பால் வெள்ளை. எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. பின்னர் தரம் பார்த்தபோது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது.

விடிந்ததும் கூண்டுகளைத் தூக்கினார்கள். நான்கில் மூன்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. சற்று மேட்டில், பாறைத் திட்டின் மேல் இருந்த நான்காவதில் பாதி பிழைத்திருந்தன. தலைவி எதுவும் பேசவில்லை. செத்தவற்றை எண்ணி முடித்தபின், “நேத்து எட்டுன்னீங்களே சார்” என்று மட்டும் கேட்டார்.

ஏன் அப்படி நடந்தது

காற்றில் ஒரு லிட்டருக்கு 270 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரோ, காற்றோடு நன்றாகக் கலந்து நிறைவுற்றாலும், லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் அளவே தாங்கும். நீர் சூடானால் அதுவும் குறையும். அலையும் காற்றும் இல்லாத நீரில், மூலக்கூறுகள் தாமாக ஊர்ந்து மேலிருந்து ஒரு மீட்டர் கீழே போக ஆண்டுக்கணக்காகும். ஆகவே அடிநீருக்கு மூச்சு கிடைப்பது கடல் கலங்குவதால் மட்டுமே. அந்த வாரம் கடல் கலங்கவே இல்லை.

இந்த 6.2 என்ற எண்ணை வைத்துத்தான் எங்கள் நண்பகல் அளவைப் படித்திருக்க வேண்டும். காற்று தரக்கூடிய உச்சம் 6.2 ஆக இருக்கும்போது எங்கள் புட்டியில் 8 எப்படி வந்தது? நாக்டிலூக்காவின் உள்ளே இருந்த பச்சைப் பாசிகள் நடுவெயிலில் ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டிருந்ததால் வந்தது. பகலில் அவ்வளவு கொட்டும் ஒரு பெருங்கூட்டம் இரவில் ஆக்சிஜன் எதுவும் தராமல் மூச்சு மட்டும் இழுக்கும். அதில் செத்த பகுதி கீழே படிந்து அழுகும்போது பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் இழுத்துவிடும். கூண்டைச் சுற்றிக் கிடந்த தீனிக் கழிவும் அதோடு சேர்ந்துகொண்டது. எட்டு என்பது நல்ல செய்தியே அல்ல. அடுத்த இரவுக்கான எச்சரிக்கை அது. நிறைவளவு, மிகைநிறைவு என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் நான் கடலில் அதைக் கோட்டைவிட்டேன். செத்துக் கிடந்தவை யாவும் அடித்தரை மீன்கள் என்று முதல் நாளே என் கையால் எழுதியிருந்த குறிப்பும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னர் நடந்தவை

மீதி இறால்களை அன்றே விற்றார்கள். மறியல் நடக்கவில்லை. ஓடை வாயிலிலும் விடியலில் அடிநீர் எடுத்தோம். அங்கே ஆக்சிஜன் கடலைவிடக் கூடுதலாகவே இருந்ததால், இந்தச் சாவுக்குப் பண்ணை காரணமல்ல என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னோம். பண்ணைக் கழிவுநீர் கடலுக்கு நல்லது என்றோ, அதன் சத்துகள் பாசிப் பெருக்கத்துக்கு ஒருபோதும் தீனியாகாது என்றோ நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பண்ணைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வந்தவர்கள் என்ற பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. முதல் நாள் அளவு தவறியிருந்த நிலையில் அதை மறுத்துப் பேச எங்களுக்கு வாயில்லை.

சில நாளில் காற்று எழுந்தது, பச்சை கலைந்தது. அடுத்த ஆண்டு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் இதே நிகழ்வைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பச்சை கனத்திருந்தபோது ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியதையும், பவளப்பாறைகளில் விரைந்து வளரும் அக்ரோப்போரா, மாண்டிப்போரா, பொசிலோப்போரா பேரினங்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதையும், சிங்கில் தீவு பெருஞ்சேதம் கண்டதையும் அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். வெப்பத்தால் பவளம் வெளிறுவதையே நாம் அதிகம் பேசுகிறோம். வெளிறிய பவளத்துக்காவது மீள வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கக்கூடும். மூச்சு முட்டிய பவளத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மகளிர் குழுவுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. எட்டுப் பேரில் மூவர் கூண்டுத் தொழிலை விட்டுப் பாசி எடுப்பதற்கே திரும்பினார்கள்.

இப்போது மாற்றிக்கொண்டவை

பச்சை தெரிந்தால் விடியலுக்கு முன்பும் நண்பகலிலும், தரையிலும் மேலேயும், நான்கு புட்டிகள் எடுக்காமல் எவருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். கூண்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. நீர் கனத்துக் காற்றும் ஓய்ந்திருந்தால், அளவுக்குக் காத்திராமல் மாலைக்குள் கூண்டைத் தூக்கிவிடலாம் என்கிறோம். வீண் டீசல் செலவானாலும் அது சிறிய இழப்பே. ரப்பர் குழாயும் கைப்பம்பும் இரண்டு மருந்துகளும் ஊரில் ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில் இருக்கின்றன. காரமும் அமிலமும் கையைச் சுடும்; காரம் இல்லாமல் முடியாது என்பதால் அமிலத்தை மட்டுமாவது அங்கே வைப்பதில்லை. பழுப்பா வெள்ளையா என்று பார்க்க அமிலம் தேவையும் இல்லை. பெரியவரும் தலைவியின் மகளும் அதைச் செய்யப் பழகியிருக்கிறார்கள். கூண்டுகளுக்கு அடியில் தீனிக் கழிவு சேராதபடி இரு வாரத்துக்கொருமுறை இடம் மாற்றுகிறார்கள்.

பின்னொரு புரட்டாசியில் நீர் லேசாகப் பச்சை காட்டியபோது தலைவிக்கு அளவைச் சொல்லக் கைப்பேசியில் அழைத்தேன். எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள், எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர், மேலா அடியா என்று கேட்டார். விடியலில் எடுத்த அடிநீர் என்றேன். புட்டியில் நல்ல பழுப்பு இறங்கியிருந்தது. கூண்டுகளை அந்த முறை தூக்கவில்லை; இறால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓடை வாயில் நீரை மாதந்தோறும் அளப்பதாக ஊர்க்கூட்டத்தில் கொடுத்த வாக்கை நாங்கள் ஒழுங்காக நிறைவேற்றவில்லை. கைவசம் இருப்பவை ஏழு மாத அளவுகள் மட்டுமே, அவற்றிலும் இரண்டு நண்பகலில் எடுத்தவை.